எலிக்கு வலி குறைந்தது என்றால் என்ன பொருள்?

அரூருக்கு அருகில் ஒரு கிராமத்தில் வாழும் என் அத்தைக்குச் சென்ற மார்கழியில் இடப்பக்க விலாவில் அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டார். மூன்று வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. ஆனால் வலி மட்டும் போகவில்லை. தை போய், மாசி போய், ஆடி வந்த பிறகும், "துணி பட்டாலே நெருப்புப் பட்ட மாதிரி இருக்குது கண்ணு" என்று சொல்லி, புடவைத் தலைப்பை விலாவில் படாமல் கையால் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். தருமபுரியில் கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி ஒருநாள் கைபேசியில் வந்த ஒரு செய்தியை எனக்குக் காட்டினாள். நரம்பு வலிக்கு அடிப்படையான மூளை அழற்சியைத் தணிக்கும் மருந்து எலிகளில் வெற்றி பெற்றுவிட்டது என்பது அதன் சாரம். "மாமா, இது எப்ப நம்ம ஊர் மருந்துக்கடைக்கு வரும்?" என்று கேட்டாள். பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் அவளுக்கு நான் சொல்ல முயன்ற பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அழற்சி என்ற சொல். காலில் கருவேல முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. காயம்பட்ட இடத்துக்கு இரத்தத்திலிருந்து காவல் செல்கள் திரண்டு வந்து, வேதிப்பொருள்களைச் சுரந்து, கிருமியை அழித்து, சிதைந்ததைச் சீர்செய்யும் வேலையின் வெளி அடையாளங்கள்தாம் இவை நான்கும். வேலை முடிந்ததும் அழற்சி அடங்கிவிட வேண்டும்; அதுதான் உடலின் ஒழுங்கு. மூளை அழற்சி என்றவுடன் நம் பக்கத்து மக்களுக்கு மூளைக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். ஆனால் எலி ஆய்வுகளில் பேசப்படும் அழற்சி பெரும்பாலும் அதுவன்று. காய்ச்சலோ மயக்கமோ இல்லாமல், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள காவல் செல்கள் மெல்லிய அளவில், ஆனால் நெடுநாள் விழித்தெழுந்து நிற்கும் நிலை அது. வலியைப் பொறுத்தவரை, மூளையைவிடத் தண்டுவடத்தில்தான் இந்த நிலை அதிகமாக ஆராயப்பட்டிருக்கிறது.

அந்தக் காவல் செல்களுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919-இல் இவற்றைத் தனி வகையாக இனங்கண்டு விவரித்தார். கிளியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். நரம்பு செல்களை ஒட்டிவைக்கும் வெறும் பசை என்றே இந்தக் குடும்பத்துச் செல்கள் நெடுங்காலம் கருதப்பட்டன. உண்மையில் மைக்ரோகிளியா தம் மெல்லிய கிளைகளை ஓயாமல் நீட்டிச் சுருக்கிச் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருக்கின்றன. சேதம் ஏற்பட்டால் பருத்து, எண்ணிக்கையில் பெருகி, இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சித் தூதுப் பொருள்களைச் சுரக்கின்றன.

இதற்கும் வலிக்கும் என்ன தொடர்பு? ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தோலிலிருந்து வரும் தொடுகைச் செய்தியும் வலிச் செய்தியும் தண்டுவடத்தின் பின்பகுதிக்குத் தனித்தனி வாய்க்கால்களில் வருகின்றன. அங்கே சில நரம்பு செல்கள் மதகுபோல் நின்று, தொடுகை வாய்க்காலின் நீர் வலி வயலுக்குள் பாயாமல் தடுக்கின்றன. காலுக்குச் செல்லும் நரம்பு அடிபட்டால், அடிபட்ட இடம் தொடையாக இருந்தாலும் தண்டுவடத்தில் உள்ள மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் பி2எக்ஸ்4 என்ற வாங்கி, அதாவது வேதிச் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதம், பெருகுவதையும், அதைத் தடுத்தால் எலியின் மிகைக்கூச்சம், அதாவது லேசாகத் தொட்டாலே வலிக்கும் நிலை, குறைவதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். இவ்வாறு தூண்டப்பட்ட மைக்ரோகிளியா சுரக்கும் ஒரு புரதம், அடக்கும் செய்திகளின் வலுவைக் குன்றச் செய்கிறது என்பது 2005-இல் தெரியவந்தது. அதாவது மதகு பழுதாகிறது. தொடுகை வலியாகப் பாய்கிறது. அத்தைக்குப் புடவை நெருப்பாக இருப்பதற்கான விளக்கங்களுள் இதுவும் ஒன்று. சின்னம்மை உண்டாக்கிய அதே வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையில் விழித்து, நரம்பு வழியே தோலுக்கு வரும்போது அக்கியாகிறது. வரும் வழியில் நரம்பையே சிதைத்துவிடுகிறது.

இனி எலிக்கு வருவோம். எலியிடம் "எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது?" என்று கேட்க முடியாது. ஆகவே வலி குறைந்தது என்று ஓர் எலி ஆய்வு சொல்லும்போது, அங்கே உண்மையில் அளக்கப்பட்டது என்ன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செய்தித் தலைப்புகள் இதை ஒருபோதும் சொல்வதில்லை.

பழைய சோதனைகளுள் ஒன்று வால் சுண்டும் சோதனை. 1941-இல் அறிமுகமான இதில், எலியின் வாலில் வெப்பக் கதிரைக் குவித்து, எத்தனை நொடியில் வாலை இழுத்துக்கொள்கிறது என்று கணக்கிடுவார்கள். வலுவான வலிதணிப்பு மருந்தான மார்ஃபினைக் கொடுத்தால் அந்த நேரம் நீளும். சூடான தட்டின் மேல் விட்டு, பாதத்தை எப்போது நக்குகிறது அல்லது எப்போது குதிக்கிறது என்று பார்ப்பதும் உண்டு. இவை திடீர்ச் சூட்டுக்கான உடனடி எதிர்வினைகள்; அடுப்பில் கை பட்டால் இழுத்துக்கொள்வதைப் போன்றவை. மாதக்கணக்கில் நீடிக்கும் எரிச்சலைப் பற்றி இவை அதிகம் சொல்ல மாட்டா.

நாட்பட்ட நரம்பு வலியை ஆராய, எலிக்கு அப்படியொரு நிலையை உண்டாக்க வேண்டியிருக்கிறது. 1988-இல் பென்னட், ஷீ என்ற இருவர் வகுத்த முறையில், மயக்க மருந்து கொடுத்துத் தொடையில் உள்ள சியாட்டிக் நரம்பைச் சுற்றி நூலால் நான்கு தளர்வான முடிச்சுகள் போடுகிறார்கள். அதன் பிறகு அந்தப் பாதம் மிகைக்கூச்சம் கொள்கிறது. அதை அளக்கும் கருவிக்கு வான் ஃபிரே இழை என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய உடலியலாளர் மாக்ஸ் வான் ஃபிரே வெவ்வேறு தடிமன் கொண்ட முடிகளைத் தோலில் அழுத்தி மனிதரின் தொடுவுணர்வை அளந்தார். இப்போது நைலான் இழைகள் அந்த இடத்தில் இருக்கின்றன. கம்பி வலைத் தளத்தின் மேல் எலியை நிற்க வைத்து, கீழிருந்து இழையைப் பாதத்தில் வளையும் அளவுக்கு அழுத்துகிறார்கள். நலமான எலி ஏறத்தாழ 15 கிராம் அழுத்தம் வரை பொருட்படுத்தாது. நரம்பு அடிபட்ட எலி 4 கிராமுக்கும் குறைவான அழுத்தத்திலேயே பாதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அத்தை புடவையைத் தூக்கிப் பிடிப்பதும், எலி பாதத்தை இழுத்துக்கொள்வதும் ஒரே குறியின் இரு வடிவங்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சோதனை நிற்கிறது. ஒரு மருந்து அந்த 4 கிராமை 12 கிராமாக உயர்த்தினால் வலி தணிந்தது என்று எழுதுகிறார்கள்.

ஆனால் பாதத்தை இழுப்பது வேறு, வலியால் துன்பப்படுவது வேறு. மருந்து எலியை மந்தமாக்கினாலும், அதன் காலைத் தளரச் செய்தாலும் பாதம் இழுக்கப்படுவது குறையும். நல்ல ஆய்வாளர்கள் இதை அறிந்து, சுழலும் உருளையில் எலி சரியாக நடக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். யாரும் தொடாதபோதே இருக்கும் எரிச்சலை அறிய, 2009-இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு நுட்பமான வழியைக் கையாண்டது. இரண்டு அறைகள் கொண்ட கூண்டில், ஒரு அறையில் மட்டும் வலி தணிக்கும் மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில் செலுத்தினர். பிறகு எலியை அதன் விருப்பப்படி உலவ விட்டபோது, நரம்பு அடிபட்ட எலிகள் மருந்து கிடைத்த அறையிலேயே அதிக நேரம் தங்கின. நலமான எலிகளுக்கு அப்படி விருப்பம் இல்லை. பாதத்தைக் குத்துவதைவிட இது எலியிடமே கேட்பதற்கு நெருக்கமானது. கண்ணை இடுக்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காதும் மீசையும் நிலை மாறுவது ஆகியவற்றைக் கொண்டு சுண்டெலியின் முகத்திலிருந்து வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றும் 2010-இல் வந்தது. இத்தகைய அளவைகளைச் சேர்த்துக்கொண்ட ஆய்வை நான் கூடுதலாக நம்புவேன்.

இவ்வளவையும் எழுதும்போது மனம் கனக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. முகம் சுளிக்கத் தெரிந்த உயிர் அது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் மேற்பார்வையில், ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு விலங்கு நெறிமுறைக் குழு இருந்து, இத்தனை எலிகள் தேவைதானா, விலங்கின்றிச் செய்ய முடியாதா, துன்பத்தைக் குறைக்க வழி என்ன என்று கேட்டுத்தான் அனுமதி தருகிறது. இந்த மூன்று கேள்விகளும் 1959-இல் ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் வகுத்த நெறியிலிருந்து வந்தவை. மோசமாகத் திட்டமிட்ட ஆய்வில் எலியின் துன்பம் யாருக்கும் பயன்படாமல் போகிறது. ஆய்வின் தரத்தைப் பற்றி நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மருந்துகள். மைக்ரோகிளியா வலியை வளர்க்கின்றன என்றால், அவற்றை அடக்கினால் வலி அடங்க வேண்டும் அல்லவா? எலிகளில் அப்படித்தான் நடந்தது. நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மைக்ரோகிளியாவையும் அடக்கும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், நரம்பைச் சேதப்படுத்துவதற்கு முன்பிருந்தே இதைக் கொடுத்தபோது எலிகளுக்கு மிகைக்கூச்சம் வளர்வது குறைந்தது. ஆனால் மிகைக்கூச்சம் ஏற்கெனவே நிலைபெற்ற பிறகு கொடுத்தபோது அது மாறவில்லை. இந்த முன்பின் வேறுபாட்டைப் பேத்திக்கு இரண்டு முறை சொன்னேன். அக்கி வரப்போவதை முன்கூட்டி அறிந்து யாரும் மாத்திரை போட்டுக்கொள்வதில்லை. அத்தைக்கு வலி வந்து எட்டு மாதமாகிவிட்டது. மருந்து எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஒரு வரியைத் தேடிப் படித்தாலே பல தலைப்புகளின் சூடு தணிந்துவிடும்.

மார்ஃபினும் இந்தக் கதைக்குள் வருகிறது. தொடர்ந்து கொடுக்கும்போது மார்ஃபினின் வலிதணிக்கும் ஆற்றல் குறைந்து, அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுவது புற்றுநோயாளிகளின் குடும்பத்தினர் அறிந்த உண்மை. கிளியா செல்களும் இதற்கு ஒரு காரணம் என்பதும், அவற்றை அடக்கினால் மார்ஃபின் நீண்ட நாள் வேலை செய்கிறது என்பதும் எலிகளில் காணப்பட்டன. ஜப்பானில் 1989 முதல் ஆஸ்துமாவுக்குப் பயன்படும் இபுடிலாஸ்ட் என்ற மருந்து எலிகளில் இந்தப் பலனைத் தந்தது. ஆனால் வலி மாத்திரைகளை மிகுதியாக உட்கொண்டதால் வந்த தலைவலிக்கு அதை மனிதர்களிடம் சோதித்தபோது தலைவலி குறையவில்லை.

அத்தையின் நோய்க்கே நேராகச் சோதிக்கப்பட்ட மருந்து ஒன்றும் உண்டு. அதன் பெயர் புரோபென்டோஃபிலின். மறதி நோய்க்காக உருவாக்கப்பட்ட இது, நரம்பு அடிபட்ட எலிகளில் கிளியா செல்களை அமைதிப்படுத்தி மிகைக்கூச்சத்தையும் குறைத்தது. ஆனால் அக்கிக்குப் பின் நீடிக்கும் வலியால் துன்புறும் மனிதர்களுக்குக் கொடுத்தபோது வலி குறையவில்லை. 2012-இல் இந்த முடிவை வெளியிட்டவர்கள் தோல்வியோடு நிறுத்தவில்லை. எலியின் மைக்ரோகிளியாவையும் மனிதரின் மைக்ரோகிளியாவையும் ஆய்வகக் கிண்ணத்தில் வளர்த்து அதே மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் வேறுபட்ட விதத்தில் எதிர்வினை காட்டின. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரை இதுதான். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதை ஒளிக்காமல், ஏன் நடக்கவில்லை என்று தேடியவர்களால்தான் அடுத்த மருந்து வரும்.

இன்னொரு காரணம் 2015-இல் வெளிப்பட்டது. கனடாவில் நடந்த ஆய்வில், நரம்பு அடிபட்ட ஆண் சுண்டெலிகளில் மைக்ரோகிளியாவை அடக்கியபோது மிகைக்கூச்சம் மறைந்தது. பெண் சுண்டெலிகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பெண் சுண்டெலிகளில் டி-செல்கள் என்ற வேறு வகைக் காவல் செல்கள் அதே வேலையைச் செய்வதாகத் தெரிந்தது. அதுவரை வலி ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண் விலங்குகளை மட்டுமே பயன்படுத்தியிருந்தன. நாட்பட்ட வலியோ மனிதரில் பெண்களுக்கே அதிகம். இதைச் சொன்னதும், "அப்ப ஆயாவுக்கு இது சரிவராதா மாமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு சுண்டெலி ஆய்வைக் கொண்டு ஆயாவைப் பற்றி முடிவு செய்துவிட முடியாது. ஆனால் ஆண் எலிகளில் மட்டும் சோதித்த மருந்தைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்றேன். வயதும் அப்படித்தான். ஆய்வெலி பெரும்பாலும் சில மாத வயதுள்ள இளம் விலங்கு. அக்கி வலியோ முதுமையில்தான் கொடியது.

மருந்து மூளைக்குள் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் மிக நெருக்கமாக இழைத்த பாய்போல் இருந்து பல பொருள்களை உள்ளே விடுவதில்லை. வயிற்றுப்போக்குக்கு நாம் வாங்கும் லோபராமைடு மாத்திரை மார்ஃபினின் வாங்கிகளிலேயே செயல்படும் பொருள்தான். ஆனால் உரிய அளவில் அது மூளைக்குள் தங்க முடியாததால் குடலை மட்டும் அமைதிப்படுத்துகிறது, வலியைத் தணிப்பதில்லை. எலியின் தண்டுவடத்தில் ஊசியால் நேரே செலுத்திய மருந்து பலித்தது என்பதற்கும், மாத்திரையாக விழுங்கினால் பலிக்கும் என்பதற்கும் இடையே இந்தச் சுவர் நிற்கிறது.

அளவைப் பற்றிய குழப்பத்தை மஞ்சளைக் கொண்டே விளக்கிவிடலாம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயும் நாட்களில், அதில் உள்ள குர்குமின் மூளை அழற்சியைத் தணிக்கும் என்ற பேச்சும் தவறாமல் எழும். அழற்சியைத் தூண்டிய எலிகளில் குர்குமின் தூதுப் பொருள்களைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மை. எலிக்கு எடைக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். சிறிய உடலின் வளர்சிதை மாற்றம் வேகமானது என்பதால், எலியின் அளவை 6.2-ஆல் வகுத்து மனிதருக்கான அளவை மதிப்பிடுவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லும் வழக்கம். அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 970 மில்லிகிராம் வேண்டும். மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று கொண்டால், நாளொன்றுக்கு 32 கிராம் தூள். குழம்பில் போடும் சிட்டிகைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. பெங்களூரிலிருந்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தபோது குர்குமின் உடலில் சேரும் அளவு எலிகளில் 154 விழுக்காடும் மனிதர்களில் 2000 விழுக்காடும் உயர்ந்தது. மிளகு எவ்வளவு உதவும் என்ற சிறிய கேள்விக்கே எலியும் மனிதரும் இவ்வளவு வேறுபட்ட விடை தந்தால், வலி போன்ற பெரிய கேள்விக்கு எச்சரிக்கை தேவை என்பதைச் சொல்லத் தேவையில்லை. எலிக் கணக்கை வைத்து மாத்திரை அளவை வீட்டில் முடிவு செய்வது ஆபத்து. அந்த வகுத்தல் கணக்கு, மனிதச் சோதனையின் முதல் அளவைப் பாதுகாப்பாகத் தேர்ந்தெடுக்க மருத்துவ ஆய்வாளர்களுக்கு உதவுவது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, எலி ஆய்வே வீண் என்று பேத்தி முடிவுக்கு வரப் பார்த்தாள். அது சரியன்று. வலிப்பு நோய்க்காக வந்த கேபபென்டின் நரம்பு அடிபட்ட எலிகளின் மிகைக்கூச்சத்தைக் குறைத்தது. 1998-இல் அக்கிக்குப் பிந்தைய வலியுள்ள 229 பேரிடம் அதைச் சோதித்தபோது, பத்துக்கு 6.3 ஆக இருந்த சராசரி வலி 4.2 ஆகக் குறைந்தது; போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 6.5-இலிருந்து 6.0 ஆக மட்டுமே இறங்கியது. வலி அடியோடு மறையவில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. எலியில் தொடங்கி மனிதரிடம் வந்து சேர்ந்த பாதை என்பது இப்படித்தான் இருக்கும். அக்கி வந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்று வைரஸை அடக்கும் மாத்திரையைத் தொடங்கினால் கொப்புளங்கள் விரைவில் ஆறும், கடும் வலியும் குறையும். செங்காவி எழுதிக்கொள்பவர்களும், எழுதுவதற்கு முன்போ பின்போ, அந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்விட வேண்டும் என்று எங்கள் ஊரில் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆவணி முதல் அத்தை மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி கேபபென்டின் எடுத்துக்கொள்கிறார். முதல் வாரம் தலைசுற்றல் இருந்தது. அளவை மெல்ல உயர்த்திய பிறகு இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்குகிறார். சென்ற முறை போனபோது பழைய நூல் புடவை ஒன்றை முழுதாகக் கட்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ரவிக்கையின் இடப்பக்கத்தை மட்டும் இரண்டு விரல் தளர்த்தித் தைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.